9 முதல் 12 வரை: வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு வரலாறும் இலக்கியமும் எதை வைத்துச் சொல்லித் தருவது?

பாபநாசம்_அம்மா

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். பெரியவளுக்கு ஆவணியில் 14 முடிகிறது. கொரோனா ஊரடங்கில் ஆரம்பித்த வீட்டுப்பள்ளி அப்படியே தொடர்கிறது. கணக்கு, அறிவியல் பற்றிக் கவலை இல்லை. அரசுப் பாடப்புத்தகமும் அவளுடைய மாமாவும் பார்த்துக்கொள்வார்கள். நான் திணறுவது வரலாற்றிலும் இலக்கியத்திலும்தான்.

எட்டு வரை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சத்தமாக வாசிப்போம், அவள் திருப்பிச் சொல்வாள், அதுவே பாடம். இனி அது போதாது என்று தெரிகிறது. எதை எடுப்பது என்றுதான் தெரியவில்லை. சோன்லைட், நாட்கிராஸ், ஆம்பிள்சைட் என்று வெளிநாட்டு வீட்டுப்பள்ளிப் பாடத்திட்டங்களை மாறி மாறிப் பார்த்துக் கண் வலிக்கிறது. பாஸ்டரம்மா ஏ.சி.இ. என்ற அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடத்திட்டத்தை எடுங்கள் என்கிறார். வீட்டுக்காரர் "நம்ம ஊர் புஸ்தகத்துக்கு என்ன குறைச்சல்" என்று கேட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

அவளுக்கு வக்கீல் படிக்க ஆசை. ஆகவே சான்றிதழ் செல்லணும். தமிழ் இலக்கியமும் ஆங்கில இலக்கியமும் இரண்டும் வேண்டும். விசுவாசத்தோடு வரலாற்றைப் பார்க்கணும், ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு பார்க்கக் கூடாது. இப்போது பொன்னியின் செல்வனை மூன்றாம் முறை வாசிக்கிறாள். அதுதான் சோழர் வரலாறு என்று என்னிடமே சண்டை போடுகிறாள்.

அரசலாறு

சிஸ்டர், முதலில் சான்றிதழ், பிறகு பாடத்திட்டம். இந்த வரிசையை மாற்றினால் கஷ்டப்படுவீர்கள். நான் பட்டிருக்கிறேன்.

பையனுக்குப் பத்தாவது வரை வெளிநாட்டுக் கிறிஸ்தவப் பாடத்திட்டம் ஒன்றைப் பின்பற்றினோம். அழகான மதிப்பெண் பட்டியல் வந்தது, தங்க முத்திரையோடு. ஒரு கல்லூரி அலுவலகத்தில் அதை நீட்டினேன். அந்த எழுத்தர் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "எந்த போர்டு சார்?" என்று கேட்டார். அவ்வளவுதான். அப்புறம் என்.ஐ.ஓ.எஸ்.ஸில் (மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி) பதிந்து மறுபடி எழுத வைத்தோம். ஒன்றரை வருஷம் போச்சு.

அங்கே பத்தாவது எழுத 14 வயது நிறைந்திருக்கணும், பன்னிரண்டாவதுக்கு 15. குறைந்தது ஐந்து பாடம். ஏப்ரல்-மேயிலும் அக்டோபர்-நவம்பரிலும் தேர்வு. ஒரு தடவை பதிந்தால் ஐந்து வருஷம் செல்லும், ஆகவே ஒரேயடியாக ஐந்தையும் எழுதத் தேவையில்லை. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இரண்டு வருஷ இடைவெளி வேண்டும். வரலாறு தனிப்பாடமாக வருவது பன்னிரண்டில்தான், பாட எண் 315. பத்தில் சமூக அறிவியலுக்குள் அடக்கம். தமிழைக் கண்டிப்பாக ஒரு மொழியாக எடுங்கள். பின்னால் அரசு வேலை, தகுதித்தேர்வு என்று போனால் அது இல்லாமல் தவிக்க நேரும்.

இன்னொன்று, மதிப்பெண்ணில் 20 சதவீதம் வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்புக்கு. பலர் அதைக் கடைசி வாரத்தில் கிறுக்கி அனுப்புகிறார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு நோகாமல் கிடைக்கிற மதிப்பெண் அதுதான்.

மன்னை_குவைத்

நாங்க ரெண்டு பேரும் டியூட்டி. புள்ளைங்க மன்னார்குடியில பாட்டியோட. பக்கத்துல உக்காந்து வாசிச்சுக் காட்ட ஆள் கிடையாது. அதனால ஏ.சி.இ.தான். பாடத்துக்கு வருஷம் 12 பயிற்சிப் புத்தகம், பையனே படிச்சு, பையனே எழுதி, பையனே திருத்தி, கடைசில சோதனை. 80 எடுத்தாதான் அடுத்த புத்தகம். பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனா விடைப் புத்தகத்தைப் பீரோவுல வச்சுப் பூட்டத் தெரியும். அது போதும்.

குறையும் சொல்லிடறேன். அது அமெரிக்காவுல அமெரிக்கப் புள்ளைங்களுக்காக எழுதுனது. என் பையனுக்கு லிங்கன் தெரியும், கரிகாலன் தெரியாது. லீவுல வந்தப்ப கல்லணைக்குக் கூட்டிட்டுப் போனேன். "இத யாருப்பா கட்டுனது, பிரிட்டிஷ்காரனா?"ன்னான். வெயில்ல நின்னு அரைமணி நேரம் பேசவேண்டியதாப் போச்சு.

திருவையாறு_அக்கா

நான் மூன்று பிள்ளைகளுக்கு மூன்று விதமாகச் செய்து பார்த்தவள். கடன் வாங்கிப் புத்தகப் பெட்டி இறக்குமதி செய்த அனுபவமும் உண்டு. எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். சுங்கவரியோடு 40 ஆயிரத்தைத் தொட்டது. பெட்டியைத் திறந்த அன்று மாவிளக்கு ஏற்றாத குறைதான், அவ்வளவு சந்தோஷம். ஆறு மாதத்தில் பாதிப் புத்தகம் தட்டின் மேல் போனது. புத்தகம் மோசமில்லை. ஒவ்வொரு நாளும் எட்டு வேலை தரும் அட்டவணைக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

பாபநாசம் தங்கச்சி கேட்டதைப் பற்றி எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். சோன்லைட்டின் உயிர் கதைப்புத்தகங்கள். நாவல், வாழ்க்கை வரலாறு இவற்றின் வழியாக ஒரு காலத்துக்குள் நுழைவது. பெற்றோருக்கான வழிகாட்டியில் என்றைக்கு எந்தப் பக்கம் என்பதுவரை இருக்கும். நாட்கிராஸின் உயர்நிலை வரிசையில் ஒரே பாடம் வரலாறு, ஆங்கிலம், வேதாகமம் மூன்றுக்கும் கணக்காகும். 30 அலகு, அலகுக்கு ஐந்து பாடம். அட்டவணைக்குப் பயப்படுகிறவர்களுக்கு இது நிம்மதி. ஆனால் ஒரு முழு வருஷம் அமெரிக்க வரலாற்றுக்கு என்றே இருக்கிறது. பாபநாசத்துப் பிள்ளைக்கு அது எதற்கு? உலக வரலாற்றுத் தொகுதியை மட்டும் எடுக்கலாம். வெரிட்டாஸின் ஆம்னிபஸ் என்று இன்னொரு பாடத்திட்டம், மூல நூல்களையே வாசிக்க வைக்கும். பழங்கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸை 13 வயதில் கையில் கொடுக்கிற ரகம். பிள்ளை வாசிப்புப் பைத்தியமாக இருந்தால் ஒழிய வேண்டாம்.

ஆம்பிள்சைட் காசு கேட்காது. சார்லட் மேசன் என்ற ஆங்கிலேய ஆசிரியை, 1923இல் இறந்தவர், அவருடைய முறையை ஒட்டித் தன்னார்வத் தாய்மார் போட்ட அட்டவணை. வருஷத்துக்கு 36 வாரம். தரமான புத்தகத்தை மெதுவாக வாசி, மூடி வை, உன் வார்த்தையில் திருப்பிச் சொல். பதின்வயதில் அதையே எழுது. தங்கச்சி, நீங்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு செய்துகொண்டிருந்தது இதைத்தான். பேர் தெரியாமல் செய்திருக்கிறீர்கள்!

இப்போது கடைக்குட்டிக்கு நான் செய்வது: வாசித்துத் திருப்பிச் சொல்லும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டேன், புத்தகப் பட்டியலை எடுக்கவில்லை. 2018, 2019இல் மாற்றிய தமிழ்நாட்டு 11, 12ஆம் வகுப்பு வரலாற்றுப் புத்தகங்கள் இணையத்தில் இலவசம். கும்பகோணத்தில் அச்செடுத்து ஸ்பைரல் போட்டுக்கொண்டேன். அதுதான் முதுகெலும்பு. மீதியெல்லாம் கதைப்புத்தகம்.

பொறையார்_வாத்தியார்

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன் நான். பேத்திகள் இருவர் வீட்டில் படிக்கிறார்கள், அதனால் இங்கே எட்டிப் பார்த்தேன். நீங்கள் எல்லோரும் கடல் கடந்து தேடுவதைப் பார்த்தால் எனக்குச் சற்றுச் சிரிப்பு வருகிறது, மன்னிக்கவும்.

கிறிஸ்தவ வீட்டுப்பள்ளிக்காரர்கள் பலர் வைத்துக்கொள்ளும் நான்காண்டுச் சுற்று நல்ல ஏற்பாடு. முதல் ஆண்டு பழங்காலம், இரண்டாம் ஆண்டு 400 முதல் 1600, மூன்றாம் ஆண்டு 1600 முதல் 1850, நான்காம் ஆண்டு அதற்குப் பின். 9, 10, 11, 12 என்று கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்தச் சட்டத்தை வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே நிரப்ப நம் ஊரில் சரக்கு கிடக்கிறது.

பழங்காலத்தில் ரோமாபுரியைப் படிக்கிறாளா? அந்த ரோமாபுரியோடு வணிகம் செய்த காவிரிப்பூம்பட்டினம் இங்கே இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய புவியியலில் ‘கபேரிஸ்’ என்று வருகிறது. அதே துறைமுகத்தைப் பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் பாடியிருக்கிறார். கிரேக்கன் குறிப்பையும் தமிழ்ப் புலவன் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இருவரும் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். வரலாறும் இலக்கியமும் ஒரே பாடமாகிவிட்டது.

இரண்டாம் ஆண்டுக்குச் சொல்லவே வேண்டாம். 1010இல் எழும்பிய தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டோடு நிற்கிறது. கம்பன் பிறந்த தேரழுந்தூர் மயிலாடுதுறைக்குப் பக்கம். பொன்னியின் செல்வனை நம்பும் பெண்ணுக்கு ஒரு யோசனை. கல்கி அதைத் தொடராக எழுதியது 1950 முதல் 1954 வரை. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் யார் என்பதற்குக் காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, பெயர் சொல்கிறது. நாவலில் எது கல்வெட்டு, எது கல்கி என்று அவளே பிரித்து இரண்டு பத்தி போடட்டும். வக்கீலாகப் போகிறவளுக்குச் சாட்சியத்தை எடைபோட இதைவிட நல்ல பயிற்சி ஏது?

மூன்றாம் ஆண்டுதான் என் ஆசைக்குரியது. அந்த ஆண்டு உலக வரலாறு நம் வாசலிலேயே நடந்தது. 1620இல் இரகுநாத நாயக்கர் டேனியருக்குத் தரங்கம்பாடியைக் குத்தகைக்குக் கொடுத்தார். கோட்டை இன்றும் இருக்கிறது. 1706 ஜூலை 9இல் ஜெர்மன் மிஷனரிகள் சீகன்பால்குவும் புளூட்சோவும் கரையிறங்கினார்கள். அச்சகம் வந்தது. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுதாக அச்சாயிற்று. இந்திய மொழி எதிலும் அதற்கு முன் அப்படி நடக்கவில்லை. காகிதம் பற்றாமல் எங்கள் பொறையாற்றில் காகிதப் பட்டறை போட்டார்கள். கடுதாசிப்பட்டறை என்று இடப்பெயரே இருக்கிறது. ஐரோப்பிய மறுமலர்ச்சி, சீர்திருத்தம், அச்சு என்று அமெரிக்கப் புத்தகம் சொல்லும்போது உங்கள் பிள்ளைக்கு அது ஜெர்மனியில் எங்கோ நடந்த கதை. பேருந்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் அதன் இன்னொரு முனையைக் கையால் தொடலாம்.

அடுத்துத் தஞ்சாவூர். மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் 1750இல் இந்தியாவுக்கு வந்தார், 1798இல் இறந்தார். சிறுவன் சரபோஜிக்குக் காப்பாளராக இருந்தார். அரசரானபின் சரபோஜி அவருக்காக லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனிடம் வெண்பளிங்கில் நினைவுச்சின்னம் செய்யச் சொன்னார். சிவகங்கைத் தோட்டத்துத் தேவாலயத்தில் பார்க்கலாம். மரணப்படுக்கையில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு அரசர் நிற்கிறார். அவர் மதம் மாறவேயில்லை என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அப்போதுதான் அந்தக் காட்சி புரியும்.

இலக்கியத்துக்கு வருகிறேன். ஷ்வார்ட்ஸிடம் படித்த வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அதே தஞ்சையில், அதே சரபோஜியைத் தலைவனாக வைத்துக் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடினார். ஒன்று பெரிய கோயிலில் ஆடப்பட்டது, மற்றது சபைகளில் பாடப்பட்டது. ஒரே ஊர், ஒரே காலம், ஒரே வடிவம். இரண்டையும் சேர்த்து வாசித்த பிள்ளைக்கு இலக்கிய வடிவம் என்றால் என்ன என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

நான்காம் ஆண்டுக்கு 1930 வேதாரண்யம் உப்பு யாத்திரை, உ.வே.சா.வின் ஏடு தேடல், மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 1879ஆம் ஆண்டு நாவல். விரல் வலிக்கிறது, நிறுத்துகிறேன்.

உறையூர்_அப்பா

ஐயா, உங்கள் அறிவுக்கு மரியாதை. ஆனாலும் ஒரு கேள்வி. குறவஞ்சி, கம்பன், சிலம்பு, கோயில் கல்வெட்டு. இதையெல்லாம் வைத்துத்தான் படிக்கணும் என்றால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து எதற்கு எடுத்தோம்? வசனத்தில் வேரூன்றட்டும் என்றுதானே? நானும் என் மனைவியும் நகையை அடகு வைத்து முழுக் கிறிஸ்தவப் பாடத்திட்டம் வாங்கினோம். ஒவ்வொரு பாடமும் தேவனுடைய கரம் வரலாற்றில் எப்படி நடத்தியது என்று ஆரம்பிக்கிறது. அது எனக்குப் பெரிய விஷயம். இலக்கிய ரசனை என்ற பேரில் விக்கிரகக் கதைகளை வீட்டுக்குள் கொண்டுவர எனக்கு மனசாட்சி இடங்கொடுக்கவில்லை.

பொறையார்_வாத்தியார்

தம்பி, உங்கள் மனசாட்சியை நான் குறை சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்.

சீகன்பால்கு வந்த புதிதில் என்ன செய்தார்? உள்ளூர் வாத்தியாரைத் திண்ணைப் பள்ளியைத் தன் வீட்டிலேயே நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதினார். இரண்டே வருஷத்தில், 1708இல், நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். தான் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டு, எந்த நூல் எப்படிப்பட்டது என்று குறிப்பு எழுதினார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி அனுப்பினார். ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் இருந்த மிஷன் பெரியவர்கள் அதை அச்சிட மறுத்தார்கள். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினோம், ஐரோப்பாவில் பரப்பவா அனுப்பினோம் என்பது அவர்கள் கட்சி. கடைசியில் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. நீங்கள் கேட்கிற கேள்வி 300 வருஷமாக நம் சபைக்குள் இருக்கிற கேள்வி. அதையே பிள்ளையிடம் பாடமாக வையுங்கள் என்கிறேன்.

உறையூர்_அப்பா

நல்ல பதில்தான். ஆனால் சீகன்பால்கு இங்கே இறங்கும்போது வயது ஏறத்தாழ 24. வேதபாடசாலையில் படித்து, குருப்பட்டம் பெற்று வந்தவர். நாம் பேசுவது 14 வயதுப் பிள்ளையைப் பற்றி. நாற்றங்காலில் இருக்கிற பயிரையும் கதிர் விட்ட பயிரையும் ஒன்றாக வைத்துத் தண்ணீர் பாய்ச்சச் சொல்கிறீர்கள்.

பூண்டி_அக்கா

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். நாங்கள் ஆர்.சி. உங்கள் பட்டியலில் எங்கள் ஆள் ஒருத்தர் விட்டுப்போய்விட்டார். வீரமாமுனிவர்! கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்தவர். அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பேர் வைத்து அடைக்கல மாதாவுக்குக் கலம்பகம் பாடினவர். தேம்பாவணியில் 3,615 பாட்டு. சூசையப்பர்தான் தலைவன். யூதேயா நாட்டை நம் ஊர் வயலும் வாய்க்காலுமாகப் பாடியிருப்பார். எங்க வீட்டில் நாட்டுப்படலம் மட்டும் வாசித்தோம். மகன், "அம்மா, எருசலேம்ல எப்படி இவ்வளவு தண்ணி?" என்று கேட்டான். அது கேள்வி! காப்பியம் எப்படி வேலை செய்யுது என்று அரை நாள் பேசினோம்.

உறையூர் அண்ணனுக்கு: விக்கிரகக் கதை வேண்டாம் என்றால் தேம்பாவணியில் ஆரம்பிக்கலாமே. கம்பனும் சிந்தாமணியும் எந்த நடை என்று அதிலேயே தெரிஞ்சுடும்.

உறையூர்_அப்பா

அக்கா, தேம்பாவணி என்றால் எங்கள் சபையில் வேறு சண்டை வரும் :)

பூண்டி_அக்கா

வரட்டும்! முனிவரே தரங்கம்பாடி லுத்தரன்காரர்களோடு மல்லுக்கு நின்றவர்தானே. பேதகமறுத்தல் என்று தனியாக ஒரு நூலே எழுதியிருக்கார். இந்தப் பக்கம் ஒரு பத்தி, அந்தப் பக்கம் ஒரு பத்தி வாசிச்சா, தமிழ் உரைநடை சண்டை போட்டே வளர்ந்த கதையும் தெரிஞ்சுடும்.

கீழத்தஞ்சை

எல்லாம் வாசித்தேன். அழகாக இருக்கிறது. பளிங்குச் சிலை, குறவஞ்சி, அச்சகம். எங்கள் பிள்ளைகள் இதில் எங்கே?

வாத்தியார் ஐயா, உங்களுக்குத் தெரியாததில்லை. தரங்கம்பாடிச் சபையிலேயே சாதிவாரியாக உட்கார்ந்தார்கள். 1733இல் ஆரோன் முதல் இந்தியப் புராட்டஸ்டண்ட் குருவாக அபிஷேகம் பெற்றதைக் கொண்டாடுகிறோம். அதே காலத்தில் தஞ்சைப் பக்கம் சபைகளைக் கட்டி எழுப்பிய உபதேசியார் இராஜநாயக்கன், முன்னாள் சிப்பாய், அவருக்கு ஏன் அந்தப் பட்டம் கிடைக்கவில்லை? பறையர் என்பதால். 1833இல் கல்கத்தா பேராயர் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபையில் உடனே விடணும் என்று எழுதினார். தஞ்சாவூரில் ஏராளமானவர்கள் சபையை விட்டே வெளியேறினார்கள். உங்கள் பெத்லகேம் குறவஞ்சிக் கவிராயர் எந்தப் பக்கம் நின்றார்? சாதி வழக்கத்தை விடமாட்டோம் என்றவர்கள் பக்கம்.

நான்காம் ஆண்டில் உப்பு யாத்திரை வைத்தீர்கள். வெண்மணியை வைக்கவில்லை. 1968 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் ராத்திரி. கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்கள். ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும்தான் பெரும்பாலும். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் நிலச்சுவான்தார்கள் விடுதலையானார்கள். பாபநாசம் சிஸ்டர், உங்கள் மகள் சட்டம் படிக்கணும் என்கிறாளே, இதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அமெரிக்கப் பாடத்திட்டத்தில் இது இருக்காது. அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாம் போடும் பட்டியலிலும் இல்லை என்றால்?

பொறையார்_வாத்தியார்

நீங்கள் சொல்வது சரி. விட்டது என் தவறு. இராஜநாயக்கனைப் பற்றி வகுப்பில் நான் ஒருநாளும் சொன்னதில்லை. 31 வருஷம் வாத்தியாராக இருந்திருக்கிறேன்.

திருவையாறு_அக்கா

நேற்று ராத்திரி இதை வாசித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. எங்கள் மாமியார் வீட்டுக் கல்லறைத் தோட்டத்தில் நடுவில் ஒரு சுவர் உண்டு. எதற்கு என்று பெரியவன் சின்ன வயதில் கேட்டான். "மாடு வராமல் இருக்க" என்று சொன்னேன்.

மன்னை_குவைத்

வெண்மணி 14 வயசுக்குத் தாங்குமா? என் பொண்ணு கோழி அறுத்தாலே அழுவா.

கீழத்தஞ்சை

பிரதர், என் மகள் ஏழு வயதிலேயே தெரிந்துகொண்டாள். தாத்தா சொன்னார். அவளைத் தாங்குமா என்று யாரும் கேட்கவில்லை. சரி, வயது பார்த்துச் செய்யுங்கள். 9இல் நடந்தது என்ன என்ற அளவில் சொல்லுங்கள். 12இல் இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல் வாசிக்கலாம். அதைக் கடுமையாக விமர்சித்தவர்களும் உண்டு, அந்த விமர்சனத்தையும் சேர்த்து. நாவல் எதை மையத்தில் வைத்தது, அது நியாயமா என்று எழுதச் சொல்லுங்கள்.

அரசலாறு

பேச்சு ஆழமாகப் போய்விட்டது, நல்லதுதான். நான் மறுபடி மண்ணுக்கு இழுக்கிறேன். தேர்வில் விரித்து எழுதும் கேள்விகளும் வரும். என் பையன் வீட்டில் அழகாகப் பேசுவான், தாளில் எழுதினால் எங்கே ஆரம்பித்தான் என்று அவனுக்கே தெரியாது. வாசித்ததைத் திருப்பிச் சொல்லும் முறையில் பழகிய பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து உண்டு. கதையாகவே எழுதும். கேள்வி "ஏன்" என்று இருக்கும், பதில் "பிறகு, பிறகு" என்று போகும்.

நாங்கள் செய்தது: வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, பழைய வினாத்தாளிலிருந்து ஒரே ஒரு கேள்வி. கடிகாரம் வைத்து 20 நிமிஷம். திருத்துவது நான் இல்லை, அவன் அத்தை. அப்பா திருத்தினால் சண்டை. ஆங்கிலத் தாளுக்கும் இதே. எட்டு மாதத்தில் மாறிவிட்டது.

மற்றபடி வாரத்தில் நான்கு நாள் நீங்கள் விரும்பினதை வாசியுங்கள். என்.ஐ.ஓ.எஸ். வரலாற்றுப் புத்தகம் தனியாக வாசித்தால் பஞ்சு மெல்வது மாதிரி இருக்கும். வாத்தியார் ஐயா சொன்னதையெல்லாம் பார்த்துவிட்டு வாசித்தால் சுருக்கக் குறிப்பு மாதிரி உதவும்.

உறையூர்_அப்பா

நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் முழுப் பாடத்திட்டமே தொடரும். கீழத்தஞ்சை சகோதரர் எழுதினதை மட்டும் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அது வேறு.

பாபநாசம் சிஸ்டருக்கு ஒரு உதவி. எங்கள் ஆங்கிலப் பாடத்தில் பனியனின் மோட்சப் பிரயாணம் வருகிறது, 1678இல் வந்த நூல். அதை வைத்து எச். ஏ. கிருஷ்ண பிள்ளை தமிழில் இரட்சணிய யாத்திரிகம் என்று காப்பியமே பாடியிருக்கிறார். ஆங்கிலத்தில் ஒரு அத்தியாயம், தமிழில் அதே கட்டம். சிறையில் இருந்த ஒரு எளிய ஆங்கிலேயனின் உரைநடையைக் கம்பன் நடையில் ஊறிய ஒருவர் எடுத்தால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். தமிழ், ஆங்கிலம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வாரத்தில் முடியும். பிள்ளைக்குப் பதம் பிரித்த பதிப்பு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஓடிவிடும்.

பூண்டி_அக்கா

கம்பன் நடை என்று நீங்களே சொல்லிட்டீங்க அண்ணா :) கம்பனை வாசிக்காம அது கம்பன் நடைன்னு பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

உறையூர்_அப்பா

அக்கா, ஜெபத்துக்கு நேரமாச்சு.

பாபநாசம்_அம்மா

நான்கு நாளாக வாசித்துக்கொண்டே இருக்கிறேன். நடுவில் ஆழாக்குப் பால் பொங்கி வழிந்தது, அதற்கு நீங்கள் எல்லோரும் பொறுப்பு.

முடிவு செய்ததைச் சொல்கிறேன். பெட்டி வாங்கவில்லை. நான்காண்டுச் சுற்று என்ற சட்டத்தை எடுத்துக்கொள்கிறோம். உலக வரலாற்றுக்கு மட்டும் ஆங்கிலத்தில் ஒரு தொகுதி, பழைய பிரதி திருச்சியில் ஒரு குடும்பத்திடம் இருக்கிறது. மாநிலப் பாடப்புத்தகம் ஸ்பைரல். பத்தாவது என்.ஐ.ஓ.எஸ்., தமிழோடு. பதிவு தேதி பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக் கேள்வியைத் திருத்த என் நாத்தனார் ஒத்துக்கொண்டாள், நாளுக்கு ஒரு டிகிரி காப்பி கூலி.

ஆனால் சுற்றை முதலிலிருந்து தொடங்கவில்லை. வாத்தியார் ஐயா கோபிக்க வேண்டாம். மகளிடம் இந்தப் பேச்சையெல்லாம் காட்டினேன். உடையார்குடிக் கல்வெட்டு என்றதும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்தாள். அப்புறம் கீழத்தஞ்சை அண்ணன் எழுதினதை இரண்டு தடவை வாசித்தாள். "அந்த இராஜநாயக்கன் ஏதாவது எழுதி வைச்சிருக்காராம்மா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஆகவே 9இல் மூன்றாம் ஆண்டுப் பாடம், 1600 முதல் 1850. அவளுக்குக் கேள்வி எங்கே இருக்கிறதோ அங்கே தொடங்கட்டும் என்று விட்டுவிட்டேன். பழங்காலம் அடுத்த வருஷம்.

வீட்டுக்காரர் ஒன்று சொன்னார், அதையும் போடுகிறேன். உ.வே.சா. பிறந்த உத்தமதானபுரம் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சைவ மடத்துப் புலவர். அவர்தான் கிறிஸ்தவரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை மேல் குளத்துக்கோவை பாடினார். "அப்ப இருந்தவங்களுக்கு இருந்த தைரியம் உங்களுக்கு இல்லையா"ன்னு கேட்டுவிட்டு மறுபடி வயலுக்குப் போய்விட்டார்.

குறுவை நடவு முடிந்ததும் தரங்கம்பாடி வரலாம் என்று இருக்கிறோம். ஐயா, எருசலேம் ஆலயம் எந்நேரமும் திறந்திருக்குமா?

பொறையார்_வாத்தியார்

ஞாயிறு ஆராதனைக்கு வாருங்கள், கதவு நிச்சயம் திறந்திருக்கும். 1718இல் கட்டினது, சீகன்பால்கு உள்ளேயே அடக்கம். மயிலாடுதுறையில் இறங்கிப் பொறையாறு வழியாக வரும் பேருந்தில் ஏறுங்கள். நான் கடைத்தெருவில் நிற்கிறேன், முதலில் கடுதாசிப்பட்டறையைக் காட்டிவிட்டுப் பிறகு கோட்டைக்குப் போகலாம். மதிய வெயிலில் கோட்டை மணல் கொதிக்கும், செருப்பில்லாமல் நடக்க வேண்டாம்.

கீழத்தஞ்சை நண்பர் அன்றைக்கு வர முடியுமானால் எனக்கு மகிழ்ச்சி. இராஜநாயக்கனைப் பற்றி பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்.

கீழத்தஞ்சை

வருகிறேன் ஐயா. மகளையும் கூட்டி வருகிறேன். அவள் கேட்கும் கேள்விக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.